ஆங்கிலப் பழஞ்சொற்களும் அவற்றின் சான்றுகளும்



ஆங்கிலத்தின் பழஞ்சொற்கள் இரு வகையின. வழக்கொழிந்து ஏடுகளில் மட்டும் கிடைப்பவை ஒரு வகை. இன்றும் நாள்தோறும் புழங்கிக்கொண்டே, தம் பழைய பொருளை இழந்துவிட்டவை மறு வகை. முதல் வகைச் சொல்லைக் கண்டவர் உடனே அகராதியைப் புரட்டுவார் என்பதால் அதனால் பெரிய இடர் இல்லை. இரண்டாம் வகைச் சொல்லோ தெரிந்த முகத்துடன் வந்து நிற்பதால், அதன் பொருளை விசாரிக்க வேண்டும் என்ற எண்ணமே எழுவதில்லை. பழைய நூலின் வாக்கியம் சில வேளைகளில் நேர்மாறாகவே புரிந்துகொள்ளப்பட்டுவிடுகிறது. சொல்லின் தோற்றத்தையும் அதைப் பற்றி வழங்கும் கதையையும் நம்பாமல், எந்த ஆண்டில், எந்த நூலில், எந்தப் பொருளில் அது ஆளப்பட்டது என்ற சான்றைக் கேட்பதே சொல்லாராய்ச்சியின் முதற்கடமை என்பதை நிலைநாட்டுவதே இவ்வுரையின் நோக்கம்.

'லெட்' என்ற சிறு சொல்லை முதலில் எடுத்துக்கொள்ளலாம். இன்று 'விடு', 'இசைவு கொடு' என்று பொருள்படும் இச்சொல்லுக்குப் பக்கத்திலேயே, பழைய ஆங்கிலத்தில் 'லெட்டன்' என்ற வேறொரு வினைச்சொல் இருந்தது. தடுத்தல், தாமதப்படுத்துதல் என்பன அதன் பொருள். காலதாமதத்தைக் குறிக்கும் 'லேட்' என்ற சொல்லுக்கு அது உறவு. ஒலிமாற்றங்களால் இரு வினைகளும் ஒரே வடிவத்தை அடைந்தபோது, எதிரெதிரான இரண்டு பொருள்கள் ஒரே ஓசையில் தங்கிவிட்டன. 1611இல் வெளியான ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தில், ரோமருக்கு எழுதிய நிருபத்தின் முதல் அதிகாரத்தில், அவர்களிடம் வருவதற்குப் பலமுறை எண்ணியும் இதுவரை 'லெட்' செய்யப்பட்டதாகப் பவுல் கூறுகிறார். இன்றைய பொருளில் படிப்பவர் அவருக்கு வழி விடப்பட்டது என்று எண்ணுவார், அவர் தடுக்கப்பட்டார் என்பதே செய்தி. இந்தப் பொருள் முற்றிலும் மறைந்துவிடவும் இல்லை. டென்னிஸ் ஆட்டத்தில் சர்வீஸ் பந்து வலையை உரசிக்கொண்டு எதிர்க் கட்டத்தில் விழும்போது நடுவர் சொல்லும் 'லெட்' இந்தத் தடையே; இந்தியக் கடவுச்சீட்டில் குடியரசுத் தலைவரின் பெயரால் அச்சிடப்பட்டுள்ள வேண்டுகோளில், இடையூறு என்று பொருள்படும் 'ஹிண்ட்ரன்ஸ்' என்ற சொல்லோடு இணைந்து நிற்பதும் இதுவே. கடவுச்சீட்டு வைத்திருக்கும் ஒவ்வொருவர் வீட்டிலும் இப்படி ஓர் ஆங்கிலப் பழஞ்சொல் பத்திரமாக இருக்கிறது.

சொல்லின் பிறப்பு ஒரு சமூகத்தின் வாழ்க்கை முறையையே காட்டிக்கொடுக்கும் இடங்களும் உண்டு. பிரபு என்று பொருள்படும் 'லார்டு', பழைய ஆங்கிலத்தில் 'ஹ்லாஃபோர்ட்' என்று வழங்கியது. அது 'ஹ்லாஃப்' என்ற ரொட்டியையும் 'வெயர்ட்' என்ற காவலனையும் சேர்த்துப் பிறந்த சொல். சீமாட்டியைக் குறிக்கும் 'லேடி'யின் பழைய வடிவமான 'ஹ்லாஃப்டிகெ' ரொட்டிக்கு மாவு பிசைபவள் என்று பொருள்படுவது. அதன் பிற்பகுதி, பிசைந்த மாவுக்கு இன்றுள்ள 'டோ' என்ற சொல்லோடு வேர் உறவு உடையது. கென்ட் நாட்டை ஆண்ட எதல்பெர்ட் மன்னரின் சட்டத் தொகுப்பு, ஆங்கில மொழியில் எழுதப்பட்டவற்றுள் மிகப் பழமையானதாக, 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்ததாகக் கருதப்படுகிறது. அதில் ஒருவரை அண்டிப் பிழைக்கும் பணியாளைக் குறிக்க 'ரொட்டி உண்பவன்' என்று பொருள்படும் 'ஹ்லாஃப்ஏட்டா' என்ற சொல் ஆளப்பட்டுள்ளது. காப்பவன், பிசைபவள், உண்பவன் என்ற மூன்று சொற்களையும் ஒருங்கே வைத்துப் பார்க்கும்போது, அரண்மனையும் பட்டமும் வருவதற்கு முன்னர், ஒரு வீட்டில் உணவு யாருடைய பொறுப்பில் இருந்ததோ அவரே தலைவர் என்ற சமூக அமைப்பு தெளிவாகத் தெரிகிறது. மூன்றாவது சொல் அழிந்துவிட்டது. மற்ற இரண்டும் ரொட்டியின் தடயமே தெரியாத அளவுக்குச் சுருங்கி வாழ்கின்றன.

ஆண்மகனைக் குறித்த 'வெர்' என்ற பழைய சொல்லின் கதை வேறு. பொதுவாக மனிதரைச் சுட்டிய 'மேன்' என்ற சொல் ஆணுக்கே உரியதாக ஒடுங்கத் தொடங்கியபோது, 'வெர்' தன் இடத்தை இழந்து மறைந்தது. ஆயினும் மனிதன் ஓநாயாக உருமாறுவதாகச் சொல்லப்படும் 'வேர்உல்ஃப்' என்ற சொல்லிலும், கொலையுண்டவனுக்கு ஈடாக அவன் உறவினருக்குச் செலுத்தப்பட்ட 'வெர்கில்ட்' என்ற உயிர்விலையிலும் அது உறைந்து நிற்கிறது. உலகத்தைக் குறிக்கும் 'வேர்ல்டு' என்ற சொல்லும் இந்த 'வெர்' என்பதோடு காலத்தைக் குறிக்கும் ஒரு சொல் சேர்ந்து, மனிதனின் காலம் என்ற பொருளில் பிறந்ததே. மனிதனைக் குறித்த மற்றொரு சொல்லான 'குமா' மறைந்தபோது இன்னும் விந்தையான விளைவு நேர்ந்தது. மணமகனைச் சுட்டிய 'ப்ரூட்குமா' என்ற தொடரின் பிற்பகுதி பொருளற்றதாகத் தோன்றவே, மக்கள் அந்த இடத்தில் அன்று இளைஞனையும் பணியாளையும் குறித்த 'க்ரூம்' என்ற தெரிந்த சொல்லை வைத்துக்கொண்டனர். 1526இல் வில்லியம் டிண்டேலின் புதிய ஏற்பாட்டில் இந்தப் புதிய வடிவம் காணப்படுகிறது. தெரியாத சொல்லைத் தெரிந்த சொல்லாகத் திருத்திக்கொள்ளும் இந்த இயல்பு மொழிநூலில் மக்கட் சொற்பிறப்பு எனப்படும்.

இனியவர், நல்லது என்றெல்லாம் பாராட்டப் பயன்படும் 'நைஸ்', அறியாதவன் என்ற லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்து, முதலில் மூடனையே குறித்தது. பேதையைச் சுட்டும் 'சில்லி' நேர்மாறாக, பேறு பெற்றவர் என்ற உயர்ந்த பொருளிலிருந்து இறங்கி வந்தது. மானைக் குறிக்கும் 'டீர்' ஒருகாலத்தில் எந்த விலங்குக்கும் பொருந்திய சொல்.

இத்தகைய வரலாறுகளை ஊகத்தால் எழுதிவிட முடியாது என்பதை உணர்ந்து, அதற்கொரு வழியும் வகுத்தவர் ரிச்சர்ட் செனிவிக்ஸ் டிரெஞ்ச். 1857இல் லண்டன் மொழிநூற் கழகத்தில் அவர் ஆற்றிய உரைகள், அகராதி ஆசிரியர் மொழிக்கு வரலாற்றாசிரியரே அன்றி, நல்ல சொல், தீய சொல் என்று தீர்ப்பளிப்பவர் அல்லர் என்ற கொள்கையை வலியுறுத்தின. பின்னாளில் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியாக மலர்ந்த திட்டத்துக்கு அதுவே வித்து. 1879இல் ஆசிரியப் பொறுப்பேற்ற ஜேம்ஸ் மரே, தாம் கற்பித்த மில் ஹில் பள்ளியின் வளாகத்தில் இரும்புத் தகடு வேய்ந்த கொட்டகை ஒன்றை எழுப்பி, அதன் சுவர்களில் 1,029 சிறு அறைகளை அமைத்தார். நூல்களைப் படித்து மேற்கோள் அனுப்புமாறு ஆங்கிலம் வழங்கும் நாடுகளுக்கெல்லாம் வேண்டுகோள் விடுத்தார். அரைத்தாள் அளவுள்ள ஒரு சீட்டு; அதன் மேல் மூலையில் சொல்; அடுத்து ஆண்டு, ஆசிரியர், நூல், பக்கம்; அதன்கீழ் அச்சொல் இடம்பெற்ற வாக்கியம் முழுமையாக. இவ்வளவுதான் கருவி. வந்து குவிந்த சீட்டுகளை மரேயின் பிள்ளைகள் கைச்செலவுக் காசுக்காக அகர வரிசைப்படுத்திக் கொடுத்தனர். முந்தைய ஆசிரியர் காலத்தில் தொகுக்கப்பட்ட சீட்டுகள் சாக்குகளில் வந்தபோது, ஒன்றில் செத்த எலியும் இன்னொன்றில் உயிருள்ள சுண்டெலிக் குடும்பமும் இருந்தன; ஒரு பகுதிச் சீட்டுகள் அயர்லாந்தின் குதிரை லாயம் ஒன்றிலிருந்து மீட்கப்பட்டன. பத்தாண்டில் முடிக்க எண்ணிய வேலை, ஐந்தாண்டு கழித்து 1884இல் வெளிவந்த முதல் பகுதியில் 'ஆன்ட்' என்ற சொல்லையே எட்டியிருந்தது. 1915இல் மரே மறைந்தார். 1928இல் அகராதி நிறைவுற்றபோது அதில் 4,14,825 சொற்களும் 18 லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்களும் இருந்தன. சொல்லின் முழு வாழ்வையும் மேற்கோள்களாலேயே எழுதிக்காட்டிய இந்த உழைப்பு எந்த மொழிக்கும் பொறாமை தரத்தக்கது.

சீட்டையே நம்பிய முறை சீட்டுத் தொலைந்தால் தடுமாறவும் செய்தது. அடிமைப் பெண்ணைக் குறிக்கும் 'பாண்ட்மெய்ட்' என்ற சொல்லின் சீட்டுகள் காணாமற் போனதால், விவிலியத்திலேயே உள்ள அச்சொல் அகராதியில் விடுபட்டு, 1933இன் பின்னிணைப்பில்தான் இடம்பெற்றது. இதற்கு எதிரான பிழை, இல்லாத சொல் உள்ளே நுழைவது. இத்தகையவற்றை ஆவிச்சொற்கள் என்று பொருள்படும் பெயரால் 1886இல் வால்டர் ஸ்கீட் சுட்டினார். தலையணி ஒன்றைக் குறித்த 'பைகாக்கெட்' என்ற உண்மையான சொல், அச்சுப் பிழைகளால் படிப்படியாகத் திரிந்து 'அபகாட்' என்று ஆகி, மன்னர்கள் அணிந்த முடி என்ற பொருளும் பெற்று அகராதிகளில் தலைமுறை தலைமுறையாக நீடித்தது. அப்படி ஒரு சொல்லே இல்லை என்று மெய்ப்பித்தவரும் மரேதான். அமெரிக்காவின் வெப்ஸ்டர் அகராதியின் 1934ஆம் ஆண்டுப் பதிப்பிலும், அடர்த்தியைக் குறிக்கும் 'டி' என்ற எழுத்துக் குறியீட்டுக்கான சீட்டு தவறாகப் படிக்கப்பட்டு, 'டார்ட்' என்ற தனிச்சொல்லாக அச்சேறியது. அச்சொல்லுக்கு மூலம் எதுவும் தரப்படவில்லையே என்று ஆசிரியர் ஒருவர் 1939இல் ஐயுற்ற பின்னரே பிழை வெளிப்பட்டது.

தமிழிலிருந்து சென்ற சொற்களுக்கும் இதே சோதனை பொருந்தும். தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த ஆர்தர் பர்னெல், ஹென்றி யூலுடன் இணைந்து தொகுத்த 'ஹாப்சன்-ஜாப்சன்' என்ற அகராதி, பர்னெல் மறைந்து நான்காண்டு கழித்து 1886இல் வெளிவந்தது. இந்தியாவிலிருந்து ஆங்கிலத்தில் கலந்த சொற்களை மேற்கோளோடு ஆராய்ந்த நூல் அது. 'கட்டுமரம்' என்பது 'கேட்டமரான்' ஆன வரலாற்றை இம்முறையில் பின்தொடரலாம். 1697இல் வெளியான வில்லியம் டாம்பியரின் பயண நூலில், அது சோழமண்டலக் கரையில் இலேசான மரத்துண்டுகளால் ஆன மிதவையைக் குறிக்கிறது. 1804இல் பூலோன் துறைமுகத்தில் நின்ற பிரெஞ்சுக் கப்பல்களுக்கு எதிராக ஆங்கிலேயர் மிதக்கவிட்ட வெடிகலங்களுக்கும் அதே பெயர் வந்தது. 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் புதினங்களில் அது சண்டைக்காரியைத் திட்டும் சொல்லாகவும் வழங்கியது. 1876இல் அமெரிக்கரான நதானியேல் ஹெரஷாஃப் இரண்டு உடற்கூடுகளை இணைத்துக் கட்டிய 'அமரில்லிஸ்' என்ற பாய்மரப் படகு நியூயார்க் பந்தயத்தில் மற்றப் படகுகளை எளிதாக முந்தியது. இன்று ஆங்கிலம் பேசுவோருக்கு அச்சொல்லைக் கேட்டதும் நினைவுக்கு வருவது இந்த இரட்டை உடல் படகே. தமிழ் மீனவரின் கட்டுமரத்தில் உடற்கூடு என்று ஒன்று இல்லை. மரங்களைக் கயிற்றால் பிணைத்ததே அதன் அமைப்பு. மிதவை, வெடிகலம், வசைச்சொல், பந்தயப் படகு ஆகிய நான்கும் ஒரே சொல்லின் நான்கு காலங்கள் என்பதை, ஆண்டு குறித்த மேற்கோள்களை வரிசையாக வைத்துப் படிப்பவர் மட்டுமே அறிய முடியும்.