மூன்று வருடக் கணக்கு



பணிப்பொறுப்பு, இலக்கு, அன்றாடத் தொழில் நடத்தை ஆகியவை பற்றி இரண்டு நாள் பேசப்போகிறோம். இந்தக் கருத்தரங்கைச் சென்னையில் ஏதாவது ஓட்டல் அரங்கில் வைக்காமல், கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டுப் பட்டாலையில் வைத்தார்களே, அதற்காகவே அமைப்பாளர்களுக்கு முதலில் நன்றி சொல்ல வேண்டும். நீங்கள் சாய்ந்திருக்கும் தூண்கள் பர்மாத் தேக்கு. அந்தத் தேக்கைக் கொண்டுவந்த பணத்தைச் சம்பாதிக்க யார் யார் எங்கே உட்கார்ந்து என்ன வேலை பார்த்தார்கள், யாரிடம் எதற்குப் பதில் சொன்னார்கள் என்பதைத்தான் இன்று பேச நினைக்கிறேன்.

முப்பது வருடத்துக்கு மேல் மேலாண்மைப் பாடம் நடத்தியவன் நான். ஃபிரெடரிக் டெய்லர் 1911இல் எழுதியதையும், பீட்டர் டிரக்கர் 1954இல் வெளியிட்ட ‘தி பிராக்டிஸ் ஆஃப் மேனேஜ்மென்ட்’ நூலையும் எத்தனை தடவை சொல்லிக்கொடுத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் எங்கள் ஐயா, அதாவது அப்பச்சியைப் பெற்றவர், பர்மாவிலிருந்து கொண்டுவந்த தகரப் பெட்டியை ஓய்வு பெற்ற பிறகுதான் திறந்து பார்த்தேன். முப்பது வருடம் அது எங்கள் வீட்டு இரண்டாங்கட்டில், நெல் குதிருக்குப் பக்கத்திலேயே இருந்தது. இந்தத் தாமதம் இன்னும் எனக்கு உறுத்துகிறது.

பெட்டியில் ஒரு சம்பளச் சீட்டு இருந்தது. உள்ளங்கை அகலத் தாள், மடிப்பு விழுந்த இடங்களில் கிழிந்திருந்தது. மேலே பிள்ளையார் சுழி, சிவமயம். அதன்கீழ் தமிழ் எண்ணில் தேதி. பிறகு, இன்ன விலாசக் கடைக்கு, இன்ன ஊருக்கு, இன்னார் மூன்று வருடத்துக்கு அடுத்தாளாகப் போய்வரச் சம்பளம் இவ்வளவு, முன்பணம் வாங்கியது இவ்வளவு, மிச்சம் கணக்கு ஒப்படைத்து ஊர் வந்தபின் என்று நிறுத்தமே இல்லாமல் ஓடுகிறது ஒரே வாக்கியம். கீழே கையெழுத்து. மொத்தம் பதினோரு வரி.

வெளியூர் நண்பர்களுக்காக ஒரு விளக்கம். இங்கே, செட்டியார்களின் தொழில் வழக்கில், விலாசம் என்றால் தெருவும் வீட்டு எண்ணும் இல்லை. பாட்டனார், தகப்பனார், தன் பெயர் என்று முதலெழுத்துகளைக் கோத்து வைத்த கடைப்பெயர் அது. கொண்டுவிக்கப் போவது என்றால் கடல் தாண்டித் தொழிலுக்குப் போவது. கணக்கு என்ற சொல்லுக்கு இங்கே தனிப் பொருள் ஒன்று உண்டு. ஒருவர் வெளிநாட்டுக் கடையில் இருக்கும் மூன்று வருடத் தவணைக்கு அந்தப் பெயர். ‘அவர் நாலு கணக்குப் போய் வந்தவர்’ என்பார்கள். நான் சொல்ல வந்த விஷயம் முழுக்க இந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

முதலில் பொறுப்புகள். கடையில் மேலாள் ஒருவர், ஏஜெண்டு என்றும் சொல்வார்கள். அவருக்கு அடுத்தாள். கடைசியில் பெட்டியடிப் பையன். சமையலுக்கு ஓர் ஆள். பெரிய கடைகளில் அடுத்தாட்கள் இன்னும் சிலர் இருப்பார்கள். இடம் கிட்டங்கி. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும் ரங்கூன் மொகல் தெருவிலும் இருந்த நீளமான கூடங்களில் ஒரே கூரையின் கீழ் பல விலாசங்கள் நடந்தன. ஒரு கடைக்குத் தேவை ஒரு பாய் விரிக்கும் இடம், ஒரு சாய்வு மேசைப் பெட்டி, ஓர் அலமாரி, ஓர் இரும்புப் பெட்டகம். பகலில் தொழில் நடந்த இடத்திலேயே இரவில் படுக்கை.

பன்னிரண்டு பதிமூன்று வயதில் பெட்டியடியாகப் போன பையன் அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். கூட்டினான், விளக்கேற்றினான், கடிதத்தைப் படியெடுத்தான், பணம் அனுப்பும் உண்டியல் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தான். கடன் கேட்டு வந்தவர் முகத்தை மேலாள் எப்படிப் பார்க்கிறார், எந்த இடத்தில் பேச்சை நிறுத்துகிறார், எதற்குத் தலையாட்டுகிறார் என்று நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். வீசமும் மாகாணியும் முந்திரியும் பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடம். ஆள் அறியும் கணக்கை மட்டும் இங்கே உட்கார்ந்துதான் கற்க வேண்டும்.

‘அடுத்தாள்’ என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். இன்று நாம் உதவியாளர் என்று பதவிப் பெயர் வைக்கிறோம். அந்தச் சொல்லில் மேலே போகும் வழி எதுவும் தெரிவதில்லை. உதவி செய்கிறவர் உதவி செய்துகொண்டே இருக்கலாம். அடுத்தாள் என்று ஒருவரைக் கூப்பிடும்போதே, அடுத்து மேலாளாகப் போகிறவர் இவர் என்று கடைக்கும் தெரிகிறது, அவருக்கும் தெரிகிறது. சிங்கம்புணரியில் பிறந்த ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’ நாவலில் செல்லையா பினாங்கு வட்டிக்கடை ஒன்றில் அடுத்தாள். அந்த உலகத்துக்குள் வாழ்ந்த ஒருவர் எழுதியது அது. மேலாண்மை மாணவர்கள் அதைப் பாடப்புத்தகம் போலவே படிக்கலாம் என்று நான் நினைக்கிறேன்.

இலக்குக்கு வருகிறேன். முதலாளி கானாடுகாத்தானில், மேலாள் பர்மாவில் ஐராவதிக் கழிமுகத்தின் ஏதோ ஒரு சந்தை ஊரில். கப்பலில் கடிதம் போய்ப் பதில் வருவதற்குள் அறுவடையே முடிந்துவிடும். தினமும் தலையிட வழி கிடையாது. அதனால் மேலாள் கையில் அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். யாருக்குக் கடன், எந்த ஈட்டின் பேரில், எவ்வளவு என்று முடிவு செய்கிறவர் அவர்தான். ஊருக்குக் கடிதமும் கணக்கும் தவறாமல் வர வேண்டும், அவ்வளவே. நாளேட்டிலிருந்து பேரேடு, பேரேட்டிலிருந்து ஐந்தொகை. மூன்று வருட முடிவில் ஐந்தொகை எடுத்து, லாபம் கண்டு, அதில் மேலாளுக்கு ஒரு பங்கு.

இலக்கு ஒன்றே ஒன்று, அதற்கு முடிவுத் தேதி ஒன்று, அதை எட்டும் வழி முழுக்க வேலை செய்கிறவர் கையில். டிரக்கர் சொன்ன இலக்குவழி மேலாண்மையில் பலரும் விட்டுவிடும் பாதி, ஆள் தன்னைத் தானே கண்காணித்துக்கொள்வது. கிட்டங்கியில் அது வேறு வழியே இல்லாததால் வந்தது. எனினும் வந்தது.

அளவுகோலும் பொதுவில் இருந்தது. ரங்கூனில் ஒவ்வொரு தமிழ் மாதமும் 16ஆம் நாள் இரவு, மொகல் தெருக் கோயிலில் கடைக்காரர்கள் கூடி நடப்பு வட்டியை நிர்ணயித்தார்கள். கடைகள் தங்களுக்குள் கொடுத்து வாங்கும் பணத்துக்கு அதுவே விகிதம், தவணை வட்டி அதை ஒட்டி அமையும். மேலாள் கெட்டிக்காரரா இல்லையா என்று ஊரில் இருக்கும் முதலாளி மனம்போனபடி சொல்ல முடியாது. சந்தை விகிதம் எல்லோருக்கும் தெரியும்.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் பொறுப்பு மாறுவது. புது மேலாள் வந்து இறங்கியதும் பழையவர் பெட்டகச் சாவியைத் தூக்கிக் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறிவிட மாட்டார். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பேரேட்டில் பேர் பேராகப் பார்ப்பார்கள். கடன்காரர் ஊர்களுக்கு இருவருமே போவார்கள். இது வரும், இது இழுக்கும், இது வராது என்று புதியவர் தன் கண்ணால் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே ஒப்படைப்பு முடியும். வராக்கடனை மறைத்து லாபம் காட்டிவிட்டுப் போனால், அடுத்து வருகிறவர் அதைக் கண்டுபிடிப்பார். அவர் பெரும்பாலும் பங்காளியாகவோ சம்பந்தியாகவோ இருப்பார். அப்புறம் அந்தப் பழைய மேலாளுக்குச் சம்பளச் சீட்டு எழுத எந்த விலாசமும் முன்வராது.

போன மாதம் என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். கடன் கொடுக்கும் ஒரு தனியார் நிறுவனத்தில் கிளை மேலாளர். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், எல்லா இடத்திலும் இதே கதைதான். ‘சார், மாசம் 25ஆம் தேதிக்கு மேல நான் கடன் கேக்கறவங்க மூஞ்சியைப் பாக்கறதில்ல, டார்கெட் ஷீட்டைத்தான் பாக்கறேன்’ என்றார். கொடுக்கக்கூடாத ஆளுக்குக் கொடுத்தாகிவிட்டது. வட்டியை விட்டுக்கொடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை, தவணையைத் தள்ளிவைக்க அதிகாரம் இல்லை, ஆள் எடுக்க அதிகாரம் இல்லை. இலக்கு மட்டும் முழுக்க அவருடையது. பதினெட்டு மாதத்தில் மாற்றல். அவர் விட்டுப்போன வராக்கடனைக் கூட உட்கார்ந்து பார்க்க ஆள் கிடையாது, கணினியில் ஒரு கடவுச்சொல் மாறும், அவ்வளவுதான். இது நல்ல மனிதர்களைக் கெடுக்கும் ஏற்பாடு என்று நான் உறுதியாகச் சொல்கிறேன். பொறுப்பைக் கொடுத்து அதிகாரத்தைக் கொடுக்காமல் இருப்பது மேலாண்மையே அல்ல.

இப்படிச் சொல்வதால் பழைய கடைகளைக் கோயிலாக்கிக் கும்பிடச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பர்மாவில் 1929-30இல் அமைந்த மாகாண வங்கி விசாரணைக் குழுவின் அறிக்கையின்படி அங்கே சுமார் 1,650 செட்டியார் கடைகள், தொழிலில் இருந்த பணம் ஏறத்தாழ 75 கோடி ரூபாய். அந்தச் சமயத்தில் உலக மந்தம் வந்தது. நெல் விலை சரிந்தது. கடன் திரும்பவில்லை, ஈடாக வந்த நிலம் கடைக்காரர் கையில் தங்கியது. கீழ்ப்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 சதவீத நிலம் செட்டியார்களிடம் இருந்தது. 1937இல் 25 சதவீதம் ஆகிவிட்டது. நிலம் வேண்டும் என்று யாரும் இலக்கு வைக்கவில்லை. பணம் பணமாக நடமாட வேண்டும் என்பதே தொழில். ஆனாலும் உழுதவன் நிலம் இழந்தான், அவன் கோபம் நம் மேல் திரும்பியது, அதில் நியாயம் இருந்தது. மூன்று வருடத்தில் மூடும் கணக்கு, முப்பது வருடத்தில் ஒரு ஊரில் என்ன நடக்கிறது என்பதைப் பார்க்கவில்லை. ஐந்தொகையில் விவசாயியின் நிலைமைக்கு ஒரு பத்தி கிடையாது. எதை எண்ணுகிறோமோ அதற்கே கைகள் வேலை செய்யும். நாளைக் காலை இலக்கு நிர்ணயம் பற்றிப் பேச இருப்பவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போகாதீர்கள். 1942இல் ஜப்பானியர் ரங்கூனுக்குள் வந்தபோது நடந்து ஊர் வந்தவர்களின் கதையை இங்கே உள்ள பல வீடுகள் அறியும். அதை இன்று விரிக்கப்போவதில்லை.

இன்னொரு பொறுப்பு, சம்பளச் சீட்டே இல்லாதது. கணக்குக்குப் போனவர் மனைவியைக் கூட்டிப்போகவில்லை. மூன்று வருடம் இந்தப் பெரிய வீட்டை நடத்தியவர் ஆச்சி. கொத்தனாருக்குக் கூலி, ஊறுகாய்க்கு உப்பு, கல்யாணத்துக்கு முறை, கோயிலுக்குப் புள்ளிவரி எல்லாம் அவர் கையால் நடந்தன. அதோடு ‘ஆச்சிமார் பணம்’ என்று கடை ஏடுகளில் தனிவகையே உண்டு. பெண்களின் சீதனப் பணம் வட்டிக்குக் கடையில் போடப்பட்டு, அதுவும் முதலாக ஓடியது. எங்கள் அப்பத்தா தன் வரவுசெலவைக் கரிக்கட்டியால் அடுப்படிச் சுவரில் கோடு போட்டு வைப்பார்கள். வெள்ளையடித்தபோது அது போய்விட்டது. இந்தக் கருத்தரங்கில் வாசிக்க வந்திருக்கும் கட்டுரைகளில் ஒன்றுகூட ஆச்சிமார்களின் பொறுப்பைப் பற்றியது இல்லை. அமைப்பாளர்கள் மேல் குற்றமில்லை, நாங்கள் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

இந்த ஊரிலிருந்தே இந்தக் கடைமுறையைத் தாண்டிப் போனவர்கள் வந்தார்கள். கானாடுகாத்தானில் 1881இல் பிறந்த அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் கண்டார். எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10ஆம் தேதி இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடத்திலும் ஒரே நாளில் கிளைகள் திறந்தன. அடுத்த இரண்டு மாதத்துக்குள், ஏப்ரல் 1 அன்று, பர்மா இந்தியாவிலிருந்து நிர்வாகத்தில் பிரிந்தது. விலாசக் கடையிலிருந்து பங்கு மூலதன வங்கிக்கு மாறிய அந்தத் தலைமுறையில் மேலாள் எப்படி மேலாளர் ஆனார், அப்போது எந்த அதிகாரத்தை இழந்தார், எதைப் பெற்றார் என்பது இன்னும் யாராவது உட்கார்ந்து எழுத வேண்டிய ஆய்வு. இங்கே இருக்கும் இளைஞர்களில் ஒருவர் அதை எடுத்துக்கொண்டால் எனக்குப் பெரிய சந்தோஷம்.

அதற்கு ஏடு வேண்டும். ஏடுகள் உங்கள் வீடுகளில் இருக்கின்றன. காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் பேரேடுகளை நானே பார்த்திருக்கிறேன், பைண்டிங் அழகாக இருக்கிறது என்று அலங்காரத்துக்கு வாங்கிப் போகிறார்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தனி ஆளாக நூல்களையும் இதழ்களையும் சேர்த்து வைத்ததால்தான் இன்று சென்னையில் அவர் பெயரில் ஒரு நூலகமே இருக்கிறது. கடைக் கணக்குகளுக்கு அப்படி ஒருவர் இன்னும் வரவில்லை.

இந்த ஊராரிடம் என் வேண்டுகோள் இதுதான். நாளை பிற்பகல் 2 மணி முதல் முகப்பில் ஒரு மேசை போட்டிருப்போம். இரண்டு மாணவர்கள் படம் எடுக்கும் கருவியோடு இருப்பார்கள். சம்பளச் சீட்டு, கடிதக் கட்டு, பேரேடு, முறைச் சிட்டை, எது இருந்தாலும் கொண்டுவாருங்கள், செல்லரித்திருந்தாலும் கொண்டுவாருங்கள். தொகைகளை வெளியே சொல்ல வேண்டாம் என்றால் சொல்ல மாட்டோம். உங்கள் எதிரிலேயே படம் எடுத்து உங்கள் கையிலேயே திருப்பித் தருவோம், எந்த ஏடும் ஓர் இரவுகூட இந்த முகப்பில் தங்காது. முதல் ஏடாக எங்கள் ஐயாவின் சீட்டை நான் கொண்டுவந்திருக்கிறேன்.