கணக்கு ஒத்துவரும் வரை தேடுவோம்

(நலச்சங்கக் கூட்டத்தில் பேசியது)



வங்கியில் அந்தக் காலத்தில் மாலையில் பற்றும் வரவும் ஒத்துவராது. வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால், 54-ஐ 45 என்று மாற்றி எழுதியிருப்பார்களோ என்று தேடுவோம். கண்டுபிடித்த பிறகுதான் வீடு.

புதிதாக புரோகிராமிங் படிக்கும் பிள்ளைகளே, உங்கள் வேலையும் இதுதான். பைத்தானில் 500-ஐயும் 250-ஐயும் கூட்டச் சொன்னேன், 500250 என்றது! 'இன்புட்' வழியாக வாங்குவதை அது எழுத்தாகவே வைத்துக்கொள்ளும். 'இன்ட்' போட்டால்தான் எண்ணாகும். இது எனக்குப் புரிய இரண்டு நாள் ஆனது.

இரண்டு வரி எழுதியதும் ஓட்டிப் பாருங்கள். எர்ரர் வந்தால் அதன் கடைசி வரியை முதலில் படியுங்கள். எர்ரரே வராவிட்டாலும், விடை தெரிந்த கணக்கைக் கொடுத்துச் சரிபாருங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. நம் மாவட்டத்திலேயே, தென்காசி அருகே மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனம் இயங்குகிறது. பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களுக்குக் கட்டணமின்றி, உதவித்தொகையும் தந்து கற்றுக்கொடுக்கும் பள்ளிகளை அந்த நிறுவனம் நடத்துகிறது. எனவே, "காமர்ஸ் படித்தவனுக்கு இது வராது" என்று வீட்டில் சொல்லாதீர்கள். நானும் பி.காம். தான்.

பிள்ளைகளே, எங்காவது சிக்கினால் மாலையில் என் வீட்டுக்கு வாருங்கள். சேர்ந்தே தேடுவோம்.