குளிரறையில் ஒரு குரல்



உறைந்த மீனும் இறைச்சியும் ஐஸ்கிறீமும் கடைக்கு வருமுன்னர், −18 பாகை செல்சியசிலோ அதனினும் தாழ்ந்த வெப்பநிலையிலோ பெரும் பண்டகசாலைகளிற் காக்கப்படுகின்றன. அங்கே தடித்த கையுறை அணிந்து வேலை செய்வோர் தாளைப் புரட்டுவதும் எழுதுவதும் அரிது. ஆதலாற் பல நாடுகளில் அவர்களுக்கு ஹெட்செற் என்னும் தலையணிக் கருவி வழங்கப்படுகிறது. இடுப்பிலே பூட்டிய சிறு கணினி, செல்லவேண்டிய தட்டைக் காதிலே கூறும். தொழிலாளி அத்தட்டிற் பொறித்த சோதனை இலக்கத்தை வாய்விட்டுச் சொல்வார். அது சரியாயின், எடுக்கவேண்டிய பெட்டிகளின் தொகையைக் கருவி அறிவிக்கும். கைகள் பெட்டிக்கு, கண்கள் பாதைக்கு.

ஆனால் கருவி குரலை விளங்கிக்கொள்ளாவிடின் நிகழ்வது யாது? தொழிலாளி அதே இலக்கத்தை மீண்டும் மீண்டும் உரத்துச் சொல்லவேண்டும். தொண்டை வரளும், நேரம் கழியும். ஈற்றிலே கருவியின் குறை மனிதனின் மந்தமாகக் கணக்கில் ஏறிவிடவுங் கூடும். ஆகவே, கருவியைப் பேணுதல் உழைப்பவனின் நற்பெயரையும் பேணுதலாகும்.

குளிரே கருவியின் பகை என எண்ணுவோர் பலர். குளிரினும் பெரும் பகை ஈரமே. குளிர்நீர் நிறைந்த குவளையின் வெளிப்புறம் வியர்ப்பதைக் கண்டிருப்பீர்கள். காற்றிலுள்ள நீராவி குளிர்ந்த பரப்பிலே பட்டு நீராக ஒடுங்குகிறது. குளிரறையிலிருந்து வெளியே கொண்டுவரப்படும் ஹெட்செற்றுக்கும் இதுவே நேர்கிறது. அந்த ஈரத்துடன் மீண்டும் உள்ளே சென்றால், மின் இணைப்புகளிலும் ஒலிவாங்கியின் நுண்துளைகளிலும் நீர் பனிக்கட்டியாகும்.

இதற்குப் பரிகாரம் எளிது. வெளியே வருமுன்னரே கருவியைப் பிளாஸ்ரிக் பையிலிட்டு இறுக மூடுக. அறையின் சூடு உள்ளே சேரும்வரை பையைத் திறவாதிருக்க. அப்பொழுது ஈரம் பையின்மேற் படியுமேயன்றிக் கருவியிற் படியாது. அடுப்பருகே வைத்துக் காயவைத்தல் ஆகாது.

ஒலிவாங்கியை வாய்க்கு நேரே வையாது, உதட்டோரத்திற்கு அண்மையில் நிறுத்துக. மூச்சின் ஈரம் அதன் பஞ்சுறையில் உறைந்தாற் குரல் மழுங்கும். மாற்றுறை ஒன்று எப்போதும் கைவசம் இருத்தல் நன்று. குளிரில் விறைத்த வயரை மடக்கி இழுத்தால் அதன் மேலுறை வெடிக்கும்.

லிதியம் மின்கலம் குளிரில் விரைவிற் சோர்ந்துபோம். சூடேறியதும் பெரும்பாலும் தெளியும். எனினும் 0 பாகைக்குக் கீழே அதற்கு மின்னேற்றினால், உள்ளே லிதியம் உலோகமாகப் படிந்து நிலையான கேடு விளையும். எனவே மின்கலம் அறைவெப்பத்தை அடைந்த பின்னரே மின்னேற்றுக.

காதிற் படும் மெத்துறை ஒவ்வொருவருக்கும் தனித்தனியே இருத்தல் சுகாதாரம். ஒரு காதை மட்டும் மூடும் வகை பாதுகாப்பானது. பாரவண்டி வரும் ஓசையை மற்றக் காது கேட்கும்.

இவையனைத்தும் தொழிலாளியின் கடமை மட்டுமோ? அன்று. மாற்றுறையும், குளிருக்கென அமைந்த கருவியும், அதனை உலரவைக்க நேரமும் கொடுப்பது முகாமையாளரின் கடன். கருவி தவறும்போது, உழைப்பவனைக் குறைகூறுமுன்னர் ஒலிவாங்கியிலே பனி படிந்துள்ளதா என ஒருமுறை பார்ப்பது நீதியாகும்.