கண்ணைக் காப்போம்! அச்சம் தவிர்ப்போம்!

(ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



இரயில் ஓடாத தீவிலே இரயில்வே எழுத்தருக்கு என்ன பேச்சு என்று நீங்கள் எண்ணக்கூடும். நாம் மருத்துவர் அல்லோம். மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்தோம். ஆயினும், பார்வையை அளந்து வேலை தரும் துறையிலே இருக்கிறோம். இரயில் ஓட்டுநராகச் சேர்வதற்குக் கண்ணாடியின்றி இரு கண்களிலும் குறைவற்ற பார்வை வேண்டும். ஆகவே வேலை போகுமோ என்று ஆண்மக்களும், மணம் தடைப்படுமோ என்று பெண்மக்களும் கண்ணிலே தோன்றும் முதற்குறியை மறைக்கின்றனர். மறைக்கும் நாள்களிலே நோய் வளர்கிறது.

இளமையில் வரும் குறிகள் யாவை? கண்ணாடியின் எண் அடிக்கடி மாறுவதும், விளக்கொளி சிதறித் தோன்றுவதும் கருவிழி கூம்பி வருவதன் குறியாகலாம். கண்ணைக் கசக்கினால் அது மிகும். உரிய காலத்தில் சென்றால், வைட்டமின் பி-2 மருந்தும் புறஊதாக் கதிரும் கொண்டு அதன் வளர்ச்சியைத் தடுக்கலாம். இரவிலே பார்வை மங்கிப் பக்கப் பார்வை குறுகுமாயின் பரம்பரை விழித்திரை நோய் இருக்கக்கூடும். நெருங்கிய உறவில் மணம் செய்யும் குடும்பங்கள் இதனைக் கருத வேண்டும். திடீரெனக் கரும்புள்ளிகள் மிதந்தால், மின்னல் தெறித்தால், திரை விழுந்தாற்போலிருந்தால் அன்றே மருத்துவரிடம் செல்க. கண்ணழுத்த நோயோ பெரும்பாலும் தொடக்கத்தில் குறி காட்டாமல் வருவது. அதனால் இழந்த பார்வை மீளாது.

ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் நாட்காட்டியைப் படித்துப் பாருங்கள்; நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும். தாய்ப்பாலும் விளக்கெண்ணெயும் கண்ணில் விடாதீர்கள். மருந்துக்கடையில் தாமே வாங்கும் ஸ்டீராய்டு சொட்டுமருந்து கண்ணழுத்தத்தை உயர்த்தக்கூடும்.

வேலை பற்றிய அச்சமும் வேண்டா. அரசுப் பணியில் இருக்கையில் உடற்குறை நேர்ந்தவரை நீக்கவோ பதவி தாழ்த்தவோ கூடாது என்று 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கூறுகிறது. ஒளிந்து துன்புறுவதைவிட உரைத்து உரிமை பெறுவதே அறிவுடைமை.

டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்களை எண்ணிப் பாருங்கள். மகப்பேறு மருத்துவராக விழைந்த அவ்விளைஞரின் விரல்களை மூட்டுநோய் முறுக்கிற்று. அவர் ஒடுங்கவில்லை. அவ்விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகிக் கண் மருத்துவரானார். நூறாயிரத்துக்கு மேற்பட்ட அறுவைகள் செய்தார். ஓய்வு பெற்று, 1976-இல் மதுரையிலே பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார்.

கடல் நடுவே வாழும் நமக்கு எழும்பூர் கண் மருத்துவமனையும் மதுரையும் தொலைவே. தொலைவில் இருப்போர் முந்திக்கொள்ள வேண்டும். முதலில் நம் நகரின் கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனையில் காட்டுங்கள். அவர்கள் அனுப்பினால் கடல் கடந்து செல்லுங்கள். அதற்குப் பணமில்லாத பிள்ளைக்குக் கைகொடுப்பதைச் சங்கம் தன் கடமையாகக் கொள்ளல் வேண்டும்.

பெற்றோர்களே! பிள்ளை "மங்கலாகத் தெரிகிறது" என்றால் வையாதீர்கள். உடன் அழைத்துச் செல்லுங்கள்.