நீரைப் பங்கிடும் கோயில்கள்



வயலில் நிற்கும்போது நெல். குற்றி உமி நீக்கினால் அரிசி. உலையில் வெந்து இறங்கினால் சோறு. ஒரு பொருளின் மூன்று நிலைகளுக்கு மூன்று பெயர்கள் வைத்திருக்கிறோம். ஆங்கிலேயர் அரிசிக்கும் சோற்றுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு காலந்தள்ளுகிறார்கள். நெல்லைக் குறிக்க அவர்கள் வழங்கும் சொல்கூட மலாய் மொழியிலிருந்து பெற்ற கடன். அந்த ஆங்கிலச் சொல் 'றைஸ்' என்பது நம் 'அரிசி'யிலிருந்து பிறந்ததென்று மேடைகளிலே சொன்னால் கைதட்டல் கிடைக்கும். மொழிநூலார் அதனை முடிந்த முடிபாக ஏற்கவில்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன். நிற்க. இந்தோனேசிய மொழியில் வயலில் நிற்பது 'பாடி', உமி நீங்கியது 'பெராஸ்', வெந்தது 'நாசி'. சோறு உண்டு வளர்ந்த மக்களின் மொழிகள் ஒன்றையொன்று அறியாமலே ஒரே மாதிரி நடந்துகொள்கின்றன.

2023ஆம் ஆண்டு ஆவணி விடுமுறையில் என் தமக்கையார் குடும்பத்தாரோடு பாலித் தீவுக்குச் சென்றிருந்தேன். கோயில்களையும் படிக்கட்டு வயல்களையும் ஒரே நாளிலே காட்டுவதற்கென்று ஒரு வானும், அதனை ஓட்டி விளக்கமும் சொல்லும் ஒரு வழிகாட்டியும் எங்களுக்கென அமர்த்தப்பட்டிருந்தன. கூட்டத்தோடு பேருந்திலே போவதைவிட இது நல்லதென்பது என் எண்ணம். கேட்க வேண்டியதைக் கேட்கலாம். நிற்க வேண்டிய இடத்திலே நிற்கலாம்.

பாலியைப் பற்றி நம்மவரிடையே ஒரு கதை உலவுகிறது. இராசேந்திர சோழன் படை நடத்திச் சென்று சைவத்தை அங்கே நட்டான் என்பது அக்கதை. சோழர் படையெடுப்பு 1025ஆம் ஆண்டளவில் ஸ்ரீவிஜயத்தின் மேல் நிகழ்ந்தது. அது பாலியைத் தொட்டதற்குச் சான்றில்லை. பாலியின் இந்து சமயம் பெரிதும் யாவா வழியாக வளர்ந்தது. 1343இல் மயாபாகித் பேரரசின் அமைச்சன் கஜ மதாவின் படை வந்தபின் அத்தொடர்பு இன்னும் இறுகியது. ஆயின் உண்மையான தொடர்பு ஒன்று உண்டு. அது போரைவிட எனக்கு இனிக்கிறது. பாலியின் வடகரையில் செம்பிரான் என்னும் ஊரிலே தோண்டியபோது, அரிக்கமேட்டிலும் நம் நாட்டு அநுராதபுரத்திலும் கிடைப்பது போன்ற உருளைக்கோட்டு மட்பாண்ட ஓடுகள் கிடைத்தன. ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. வாளோடு போனவனுக்கு முன்பே சட்டிபானையோடு ஒருவன் போயிருக்கிறான்.

காலையில் முதலிற் காட்டியது தெகலாலாங் என்னும் இடத்துப் படிக்கட்டு வயல்கள். அழகுக்குக் குறைவில்லை. பள்ளத்தாக்கின் இருமருங்கும் பச்சைப் படிகள். ஆனால் படிகளுக்கு மேலே ஊஞ்சல்கள் தொங்குகின்றன. நீண்ட வாலுள்ள செந்நிற உடையை வாடகைக்குக் கொடுத்து, ஊஞ்சலில் ஏற்றி, படம் எடுத்துக் கொடுக்கிறார்கள். அத்தான் ஊஞ்சலாட மறுத்துவிட்டார், மருமகள் ஆடினாள். வயலைப் பார்க்க வந்தவர்கள் வயலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பதை அன்றுதான் கண்டேன். இதற்கு மேல் அவ்விடத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

அங்கிருந்து தம்பாக்சிரிங்கில் உள்ள தீர்த்த எம்புல் கோயிலுக்குச் சென்றோம். 'தீர்த்தம்' என்ற சொல் அங்கேயும் தீர்த்தந்தான். கி.பி. 962ஆம் ஆண்டுக் கல்வெட்டொன்று இத்தலத்தின் பழைமைக்குச் சான்று. கோயிலுக்குள்ளே நிலத்தடியிலிருந்து ஊற்று பீறிட்டெழுகிறது. கருமணல் குமிழ்குமிழாகப் புரள்வதைக் கண்ணாற் காணலாம். அந்நீர் வரிசையான துவாரங்கள் வழியே குளத்தில் விழுகிறது. இடுப்பிலே துணிசுற்றிய அடியார் ஒவ்வொரு துவாரத்தின் கீழும் தலைகொடுத்து நகர்கிறார்கள். இறந்தோர் கிரியைக்குரிய துவாரங்களை மட்டும் கடந்துபோகிறார்கள்.

அக்கா செவ்வந்திப் பூ வாங்கி வைத்திருந்தா. முற்றம் முற்றமாக நடந்து பார்த்துவிட்டு என்னிடம் கேட்டா: "தம்பி, மூலஸ்தானம் எங்கை? சாமியைக் காணேல்லையே."

கேள்வி நியாயமானது. பாலிக் கோயில்களில் நம் கோயில்களைப்போல் கருவறையும் அதனுள் நிலைத்த மூர்த்தியும் பெரும்பாலும் இல்லை. கூரையற்ற முற்றங்கள், கருநிறப் பனைநாரால் வேய்ந்த, ஒற்றைப்படை அடுக்குகள் கொண்ட 'மேரு'க் கோபுரங்கள், உயரத்திலே ஒரு வெறுங்கல் ஆசனம். அதற்குப் பத்மாசனம் என்று பெயர். விழாக் காலத்திலே தெய்வம் இறங்கிவந்து அமரும்; முடிந்ததும் மீளும். எப்போதும் நம்மோடு இருக்கும் தெய்வம் என்பது நம் வழக்கு. அழைத்தால் வரும் விருந்தாளி என்பது அவர்கள் வழக்கு. வழிகாட்டி அக்காவிடம், "அம்மா, இங்கே தண்ணீர்தான் சாமி என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். அவர் சொன்னது உபசாரத்துக்காக அன்று. பாலியர் தம் சமயத்துக்கு வழங்கும் பெயர்களில் ஒன்றே 'ஆகம தீர்த்த', அதாவது தீர்த்த சமயம் என்பது.

பக்கத்திலுள்ள குனுங் காவியையும் பார்த்தோம். பகெரிசான் ஆற்றின் இருகரைப் பாறைகளிலும் ஏழு மீற்றர் உயரத்திற் குடைந்தெடுத்த பத்துக் கோயில் வடிவங்கள்; 11ஆம் நூற்றாண்டின. அரச குடும்பத்தார் நினைவாக எழுந்தவை என்பர். முழங்கால் நோவுள்ளவர்கள் அந்தப் படிகளை எண்ணாமல் இறங்குவதே நலம்.

உண்மையில் நான் இன்று பேச வந்த பொருள் இதன் பின்னர்தான் தொடங்குகிறது. கோயிற் குளத்தை நிறைத்த நீர் அதன்பின் எங்கே போகிறது என்று வழிகாட்டியிடம் கேட்டேன். அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். "பாக், அதை ஒருவரும் கேட்பதில்லை" என்றார். 'பாக்' என்பது ஐயா என்பதுபோல் ஒரு மரியாதைச் சொல். நிரலில் இல்லாத ஓர் ஒற்றையடிப் பாதையால் எங்களைக் கூட்டிச் சென்றார்.

நேயர்களே, அந்தத் தீர்த்தம் கோயிலைவிட்டு வெளியேறி வாய்க்கால் வழியே கீழேயுள்ள வயல்களுக்குப் பாய்கிறது. அவ்வயல்களின் சொந்தக்காரரும் குத்தகைக்காரரும் சேர்ந்த சங்கத்துக்குச் 'சுபாக்' என்று பெயர். ஒரு சுபாக்கின் எல்லை ஊரெல்லை அன்று. ஒரே வாய்க்காலில் நீர் குடிக்கும் வயல்கள் எத்தனையோ அத்தனையும் ஒரு சுபாக். அதற்குத் தலைவர் 'பெகாசே'. எழுதிவைத்த விதிகள், தண்டப்பணம், ஒழுங்கான கூட்டம் எல்லாம் உண்டு. 9ஆம் நூற்றாண்டிலிருந்து வழங்கிவரும் இம்முறையையும் அதன் வயல்களையும் நீர்க்கோயில்களையும் 2012ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்றது. நாங்கள் நின்ற பகெரிசான் பள்ளத்தாக்கும் அதில் அடங்கும்.

வாய்க்கால் பிரியுமிடத்தில் ஒரு மரக்குற்றி குறுக்கே கிடந்தது. அதிலே அகலம் வேறுபட்ட வெட்டுக்கள். இதற்குத் 'தெம்புக்கு' என்று பெயராம். எவருக்கு எத்தனை பங்கோ அத்தனை அகலம். நீர் தானே பிரிந்து போகிறது. அருகிலே முழங்காலளவு உயரத்தில் ஒரு சிறு கோயில். தென்னோலைத் தட்டிலே அன்று காலை வைத்த பூ. யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளில் கிணற்றிலும் வழி வாய்க்காலிலும் பங்கு என்று எழுதியிருப்பதைப் படித்தவர்களுக்கு அந்த மரக்குற்றியின் மொழி விளங்கும்.

நீரைப் பங்கிடுவதற்குக் கோயில் எதற்கு என்று கேட்கலாம். இதற்கு விடை கண்டவர் ஸ்டீபன் லான்சிங் என்னும் அமெரிக்க மானிடவியலாளர். 1991இல் இது பற்றி நூலும் எழுதினார். 1970களில் பசுமைப் புரட்சி பாலிக்கு வந்தது. புதிய குறுங்கால நெல்லினங்களை, கோயிற் பஞ்சாங்கத்தைப் பாராது, இயன்றமட்டும் அடிக்கடி விதையுங்கள் என்று விவசாயிகளுக்குச் சொல்லப்பட்டது. முதலில் விளைச்சல் கூடியது. பின்னர் தத்தியும் நோயும் வயல்களை வாரிக்கொண்டு போயின.

காரணம் எளிது. ஒரு பள்ளத்தாக்கு முழுவதும் ஒரே காலத்தில் விதைத்து ஒரே காலத்தில் அறுத்துத் தரிசாக விட்டால் பூச்சிக்கு உணவும் இல்லை, உறைவிடமும் இல்லை, அது அழியும். ஆளுக்கொரு காலத்தில் விதைத்தால் பூச்சி ஒரு வயலிலிருந்து மறுவயலுக்கு இடம்பெயர்ந்து ஆண்டு முழுதும் வாழும். ஆனால் எல்லாரும் ஒரேநாளில் விதைத்தால் எல்லாருக்கும் ஒரேநாளில் நீர் வேண்டும். அவ்வளவு நீர் ஆற்றில் இராது. ஆக, யார் யார் சேர்ந்து விதைப்பது, யார் எத்தனை வாரம் பொறுப்பது என்று வகுக்கவேண்டும். அதைத்தான் நீர்க்கோயிற் கூட்டங்கள் செய்துவந்தன.

இதிலே என் மனத்தைத் தொட்டது மேல்வயற்காரனின் நிலை. மதகு அவன் கையருகே இருக்கிறது. கீழ்வயல் காய்ந்தால் அவனுக்கு என்ன? நீரை வைத்துப் பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் நீர் கிடையாத கீழ்வயற்காரன் காலந்தவறி விதைப்பான்; அவன் பயிரில் வளரும் தத்தி மேலே ஏறிவரும். கீழவனுக்கு நீரச்சம், மேலவனுக்குப் பூச்சியச்சம். இருவர் அச்சமும் ஒரு பந்தியிலே வந்து அமர்வதற்கு ஒரு கோயில். தீவின் வட உயரத்திலே பாத்தூர் ஏரிக்கரசியான தேவி டானுவுக்கு ஒரு பெருங்கோயில் உண்டு. 1926ஆம் ஆண்டு எரிமலை சீறி அதனை அழித்தபோது ஊரார் தெய்வத்தைத் தூக்கிக்கொண்டு மலைவிளிம்புக்கு ஏறி மீண்டும் கட்டினார்கள். சுபாக்குகளின் காணிக்கை அங்கே போகிறது.

நம் இலக்கியத்தில் நீரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அரசனை நோக்கிய பேச்சு. புறநானூற்றிலே குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனிடம் நீரைத் தேக்கு என்று வேண்டுகிறார். பெருங்குளம் கட்ட அரசன் வேண்டும், உண்மை. ஆனால் கட்டிய குளத்தின் துருசைத் திறந்தபின் நடப்பவற்றைப் பாடியவர் மிகச் சிலர். பள்ளு நூல்களிலே நெல்லினங்களின் பெயர் நீளும். ஈழத்துப் பறாளை விநாயகர் பள்ளும் கதிரைமலைப் பள்ளும் நமக்கு உண்டு. கடைமடைக்காரனின் முறையீடு எங்கே என்று தேடிப்பார்க்க மாணவர்களை ஏவியிருக்கிறேன்.

நம் நாட்டிலும் வழக்கம் இல்லாமற் போகவில்லை. 1856ஆம் ஆண்டு நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் ஊர்வழக்கங்களுக்கு உயிர்கொடுத்தது. வயல் விதானை பதவி 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டத்தோடு நீங்கினாலும், மட்டக்களப்புப் பக்கத்தில் வட்டவிதானை என்ற பெயர் இன்னும் காதில் விழுகிறது. குளத்தில் நீர் குறைந்த சிறுபோகத்தில், அணைக்கட்டை அண்டிய வயல்களை மட்டும் எல்லாரும் பங்கிட்டு விதைக்கும் முறையைச் சிங்கள விவசாயிகள் 'பெத்ம' என்பர். தன் வயலைப் பிறர் உழ ஒருவன் விட்டுக்கொடுக்கும் வழக்கம் அது. கோயில் கட்டிக் கும்பிடத் தகும்.

மாலையில் வரம்பிலே அமர்ந்திருந்தோம். வழிகாட்டி வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். அவர் குடும்பத்துக்கும் வேறொரு சுபாக்கில் வயல் உண்டு. அவருக்கும் அண்ணனுக்கும் பொது. ஒரு போகத்து நெல் தருவதை வான் ஓட்டி ஒரு மாதத்திலே சம்பாதித்துவிடுவேன் என்றார். அந்நாட்டில் வெளிநாட்டார் காணியைச் சொந்தமாக வாங்க முடியாது. நீண்ட குத்தகைக்கு எடுத்து விடுதி கட்டுகிறார்கள். அவர்களுடைய வயலுக்கும் ஆள் வந்து கேட்டாயிற்று. அண்ணனுக்கு இரண்டு பெண்பிள்ளைகள், படிப்புச் செலவு. கொடுத்துவிடலாம் என்பது அவர் எண்ணம்.

"எங்கள் வயலை மண்போட்டு நிரப்பினால் வாய்க்கால் அங்கேயே நின்றுவிடும். கீழே நான்கு வயல்கள் இருக்கின்றன. நான்குபேரும் கோயிலில் என் பக்கத்திலே இருந்து கும்பிடுகிறவர்கள்" என்றார்.

தெகலாலாங்கின் ஊஞ்சலைக் கண்டு முகஞ்சுழித்த எனக்கு, இதற்குச் சொல்ல ஒரு சொல்லும் அகப்படவில்லை. படிக்கட்டு வயலைக் காண உலகம் வருகிறது. வருகிறவர் தங்க இடம் வேண்டும். அந்த இடம் வயலிலிருந்துதான் வரவேண்டும். அன்றிரவு நாங்கள் படுத்த விடுதியின் சன்னலுக்கு வெளியேயும் அரைகுறையாய் ஒரு வயல் இருந்தது. நெல்லை வெருட்டக்கூடாதென்று உள்ளங்கையில் மறைத்த சிறு கத்தியாற் கதிர்கொய்த மக்கள் அவர்கள். ஸ்ரீதேவியை 'டேவி ஸ்ரீ' என்று நெல்லில் வைத்துப் போற்றுகிறவர்கள். காணியைக் கொடுக்கிறவனைப் பக்தியில்லாதவன் என்று சொல்லிவிட நமக்கு வாய் எளிது. பிள்ளைகளின் பள்ளிக்கூடக் காசை நாம் கட்டப்போவதில்லை.

திரும்பும் வழியிலே அவர், மறுநாள் காலை தங்கள் சுபாக் கூட்டம் இருக்கிறது என்றும், ஆகவே வேறு வான்காரரை அனுப்புவதாகவும் சொன்னார். வராவிட்டால் தண்டம் கட்டவேண்டுமாம். குத்தகை விடயத்தை அண்ணன் அங்கே எடுக்கப்போகிறார்.

"நீங்கள் என்ன சொல்லப் போகிறியள்?" என்று அக்கா கேட்டதை நான் ஆங்கிலத்தில் அவருக்குச் சொன்னேன்.

"அண்ணன் மூத்தவர். அவர்தான் முதலில் எழும்பிப் பேசுவார்" என்றார் அவர்.