சின்ன அரம்தானே என்று விட்டுவிடலாமா?

(சிரட்டைக் கைவினைப் பொருள் செய்யும் குழு உறுப்பினர்களுக்காக, கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை)



சேமிப்பு, உள்கடன், சுழல்நிதி பற்றியெல்லாம் நிறையப் பேசியிருக்கிறோம். இன்றைக்கு ஒரு சின்ன சாமானைப் பற்றிப் பேசப் போகிறோம். அதுதான் அரம். "இதைப் பேச ஒரு கூட்டமா?" என்று நினைக்காதீங்க. காரணம் இருக்கிறது.

சிரட்டையில் தோடு, பொத்தான், சாவிக்கொத்து, கரண்டி செய்கிற குழுக்களுக்கு நாங்கள் போகும்போது ஒரே பேச்சுதான் காதில் விழுகிறது. "சரக்கு திரும்பி வந்துடுச்சு, ஓரம் பிசிறா இருக்காம். நமக்கு இந்த வேலை கை வரலைங்க." இப்படிச் சொல்லி வேலையையே விட்டுவிடுகிறவர்களும் உண்டு. அவர்கள் கையில் இருக்கிற அரத்தை வாங்கிப் பார்த்தால் பல்லெல்லாம் மழுங்கி வழவழன்னு இருக்கும். வீட்டுக்காரர் இரும்பு ராவிப் போட்ட பழைய அரமாக இருக்கும். குறை கையில் இல்லை, அரத்தில்! மழுங்கிய அரத்தை வைத்துக்கொண்டு நம் கையை நாமே குறை சொல்லலாமா?

சிரட்டை கெட்டியான பொருள், அதே சமயம் சட்டென்று சில்லு தெறிக்கும். அதனால் நுணுக்க வேலைக்குப் பெரிய அரம் ஆகாது. பொற்கொல்லர்கள் வைத்திருக்கிற மாதிரி மெல்லிய ஊசி அரம் வேண்டும். இது பிடியோடு சேர்த்து 140, 160, 180 மில்லிமீட்டர் நீளங்களில் வரும். அதில் ஏறக்குறைய பாதிதான் பல் வெட்டிய பகுதி.

கடையில் 10 அல்லது 12 அரம் உள்ள கட்டாகக் காட்டுவார்கள். அத்தனையும் நமக்கு வேண்டியதில்லை. மூன்று வடிவம் இருந்தால் பெரும்பாலான வேலை நடக்கும்.

முதலாவது, தட்டை அரம். நேர் ஓரத்துக்கும் வெளி வளைவுக்கும் இது. சில தட்டை அரத்தில் ஒரு பக்க ஓரத்தில் பல் இருக்காது. அது குறை இல்லைங்க. மூலையில் ராவும்போது பக்கத்துச் சுவரைக் கடிக்காமல் இருக்க அப்படிச் செய்கிறார்கள்.

இரண்டாவது, அரைவட்ட அரம். பிறை, இலை மாதிரி உள்வளைவு வரும் இடத்துக்கு. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. அரத்தின் வளைவு, பொருளின் வளைவைவிடக் கொஞ்சம் சிறியதாக இருக்கணும். பெரியதாக இருந்தால் அரத்தின் இரண்டு ஓரமும் பொருளில் குத்திப் பள்ளம் விழும்.

மூன்றாவது, உருண்டை அரம். கொக்கி மாட்டும் துளைக்கு. இது நுனியில் மெலிந்து, போகப்போகப் பருக்கும். ஒரே பக்கமிருந்து ராவினால் துளை ஒரு பக்கம் அகலமாகிவிடும். இரண்டு பக்கமிருந்தும் மாற்றி மாற்றி ராவணும்.

பூ வேலை, பல் வெட்டு செய்கிறவர்கள் மட்டும் முக்கோண அரம் ஒன்று கூடுதலாக வாங்கிக்கொள்ளலாம்.

அடுத்தது பல்லின் நெருக்கம். கைக்கடிகார வேலைக்குப் பேர் போன ஸ்விட்சர்லாந்து முறையில் இதற்கு எண் உண்டு. 00, 0, 2, 4, 6 என்று எண் ஏற ஏறப் பல் நெருக்கமாகும், ராவல் மென்மையாகும். நம் சிரட்டைக்கு உருவம் கொண்டுவர 0, ஓரம் சீராக்க 2 போதும். 4, 6 எல்லாம் உலோக வேலைக்கு. சிரட்டைத் தூள் அடைத்துக்கொண்டு வழுக்கும். 2-ஆம் எண்ணுக்குப் பிறகு உப்புத்தாள் போட்டால் சரியாகிவிடும். 0-வோடு நிறுத்திவிட்டு நேரே எண்ணெய் பூசினால் கீறல் எல்லாம் பளிச்சென்று தெரியும். சரக்கு திரும்பி வருவது பெரும்பாலும் இதனால்தான்.

"வைர அரம்" என்று மினுமினுக்கும் கட்டு ஒன்று விற்கிறார்கள். அதில் பல்லே கிடையாது. வைரப் பொடி ஒட்டியிருக்கும். கண்ணாடி, கல், கெட்டியான எஃகுக்கு அது நல்லது. சிரட்டையில் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். மினுக்கத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

கடைக்குப் போகும்போது ஒரு சிரட்டைத் துண்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்க. அரத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்க. பல் நுனியில் வெள்ளைக் கோடு மாதிரி மின்னினால் மழுங்கியது. கண்ணுக்கு நேரே பிடித்து வளைவு இருக்கிறதா என்று பாருங்க. பிறகு சிரட்டையில் ஒரு தடவை தள்ளிப் பாருங்க. வழுக்கினால் வேண்டாம், கடித்துத் தூள் விழுந்தால் நல்லது. "பொம்பளைங்களுக்கு என்ன தெரியும்" என்று கடைக்காரர் பார்த்தால் பார்க்கட்டும். பையனை அனுப்பி வாங்குவதைவிட, ராவுகிற கை நேரில் போய் வாங்குவதுதான் சரி.

வாங்கிய பிறகு பராமரிப்பு முக்கியம். அரம் தள்ளும்போதுதான் வெட்டும். இழுக்கும்போது அழுத்தாமல் தூக்கிக்கொள்ளணும். இல்லையென்றால் பல் சீக்கிரம் போகும். ராவும் முன் பல்லில் சாக்பீஸ் தேய்த்தால் தூள் அடைக்காது. அடைத்தால் கம்பி பிரஷால் பல் ஓடும் திசையிலேயே தேய்க்கணும். மெல்லிய பிடி கையை அறுக்கும். பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக்கொள்ளுங்க. நெம்புகோலாகப் பயன்படுத்தினால் சட்டென்று முறியும். ஒன்றோடொன்று உரசாமல், துணியில் தனித்தனி அறை தைத்துச் சுருட்டி வையுங்க. இரும்பு ராவிய அரத்தைச் சிரட்டைக்கு எடுக்காதீங்க.

இன்னொன்று, தூள். சிரட்டைத் தூள் மூக்கிலும் கண்ணிலும் போகும். காற்றோட்டமான இடத்தில் உட்காருங்க, வாய், மூக்கை மூடிக் கட்டுங்க, கைக்குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

கடைசியாகக் கணக்கு. உதாரணத்துக்கு, ஒரு ஜோடி தோட்டுக்கு 20 ரூபாய் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 15 ஜோடி திரும்பி வந்தால் 300 ரூபாய் போச்சு. உழைப்பும் போச்சு. நல்ல அரம் மூன்று வாங்க என்ன செலவாகும் என்று கடையில் கேட்டு, இதோடு ஒப்பிட்டுப் பாருங்க. பத்துப் பேருக்கு ஒரே அரம் என்றால் வேலையும் நிற்கும், அரமும் யாருடையதும் இல்லாமல் கெடும். ஆளுக்கு மூன்று அரம், பிடியில் அவரவர் நிறத்தில் நூல். குழுப் பணத்தில் மொத்தமாக வாங்கி, மாதாமாதம் சிறு தொகையாகத் திருப்பிக் கட்டலாம். அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்க.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது சேமிப்புப் புத்தகத்தோடு உங்கள் அரத்தையும் கொண்டு வாங்க. ஒவ்வொன்றாகச் சேர்ந்தே பார்ப்போம். மழுங்கியதை ஒதுக்குவோம். "கை வரலை" என்று வேலையை விட்ட உறுப்பினர் உங்கள் குழுவில் இருந்தால், அவரையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாங்க. நல்ல அரத்தை ஒரு தடவை அவர் கையில் கொடுத்துப் பார்ப்போம்.