செவியின் சான்று



நரம்புகளுக்கிடையே உறவும் உண்டு, பகையும் உண்டு என்பது தமிழிசை மரபின் பழங்கொள்கை. நரம்பு என்றது இங்குச் சுரத்தை. இணை, கிளை, நட்பு, பகை என அவ்வுறவுகளை இசைநூலோர் நான்காக வகுத்துரைத்தனர். குரலுக்கு இளி என்ன உறவு என்பதை யாழாசிரியன் அறிவான். அவன் எதிரே அமர்ந்து கேட்டவன், சுரங்களின் பெயரையும் அறியாதவன், அவ்வுறவை உணர்வானா? உணர்வான் எனின், வாயால் சொல்லமாட்டாத அவ்வறிவைப் பிறர் காணுமாறு வெளிக்கொணர்வது எங்ஙனம்? இவ்வினாவுக்குக் கணிப்பொறியின் துணையுடன் விடை தேடிய சோதனைகளும், அவற்றை அமைக்கும் முறையுமே இவ்வுரையின் பொருள்.

செவியைச் சோதிப்போர்க்கு முதல் இடர் பாடுவோரிடமே இருந்தது. எத்துணைத் தேர்ந்த பாடகராயினும் ஒரு சுரத்தை இருமுறை இம்மியும் பிசகாமல் ஒலித்தல் அரிது. கேட்பவரின் விடை மாறுமாயின், மாறியது செவியா, குரலா என்று தெளிய இயலாது. 1957-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் மாக்ஸ் மேத்யூஸ் என்பார் எண்களைக் கொண்டே இசையொலியைப் பிறப்பிக்கும் நிரலை எழுதினார். ஆயிரம் முறை கேட்பித்தாலும் அதே ஒலியை வழங்கும் வாய்ப்பு அதனால் பிறந்தது.

கரோல் கிரம்ஹான்சல், ரோஜர் ஷெப்பர்டு ஆகிய இருவரும் 1979-இல் வெளியிட்ட சோதனை அமைப்பில் மிக எளியது. சங்கராபரணத்துக்கு நேரான மேலையிசையின் மேஜர் ஸ்கேல், சட்ஜத்தில் தொடங்கி நிஷாதம் வரை ஏறி, மேல் சட்ஜத்தை எட்டாமலே நின்றுவிடும். அல்லது மேலிருந்து இறங்கி ரிஷபத்தோடு நிற்கும். பின்னர் ஒரு சுரம் தனித்து ஒலிக்கும். முன் கேட்டதை அச்சுரம் எவ்வளவு நன்றாக நிறைவு செய்கிறது என்பதற்குக் கேட்போர் 1 முதல் 7 வரை மதிப்பெண் இடவேண்டும்.

இசை பயின்றோர் சட்ஜத்துக்கு மிகுந்த மதிப்பெண் இட்டனர். பயிற்சி குறைந்தோரோ ஏறிவந்த வரிசைக்குப்பின் உயர்ந்த ஒலிகளுக்கும், இறங்கிவந்த வரிசைக்குப்பின் தாழ்ந்த ஒலிகளுக்கும் மதிப்பெண்ணை வாரி வழங்கினர். அஃதாவது, கடைசியாகக் கேட்ட ஒலிக்கு எது அண்மையில் உள்ளதோ அதுவே அவர்களுக்குப் பொருத்தமாகப் பட்டது.

'பயிலாதவர்க்குச் செவியறிவு இல்லை' என்று அவ்விடத்திலேயே தீர்ப்பெழுதிவிடுதல் எளிது. தேர்வுத்தாள் திருத்தும் ஆசிரியர் பலர்க்கும் அப்பழக்கம் உண்டு. ஆனால் ஒரே ஒலியில் உறவு, உயரம் என இரண்டு கிடக்கின்றன. சோதனை உறவைக் கேட்டது. அவர்களோ உயரத்துக்கு விடை சொன்னார்கள். இரண்டும் பிரிக்கப்படாதவரை அவர்கள்மேல் குறை சொல்லுதல் நேர்மையாகாது.

பிரிப்பதற்கான கருவி முன்னரே ஆயத்தமாயிருந்தது. 1964-இல் ஷெப்பர்டு கணிப்பொறியில் ஒரு புதுவகை ஒலியை ஆக்கியிருந்தார். ஒரே சுரம் பல ஸ்தாயிகளிலும் ஒருங்கே ஒலிக்கும். நடுவில் வலுத்தும், இரு கோடிகளில் மெலிந்தும் மறையும். அது எந்தச் சுரம் என்று செவி அறியும். உயர்ந்ததா, தாழ்ந்ததா என்று அறுதியிட்டுச் சொல்லாது. இவ்வகை ஒலியைக் கொண்டு கிரம்ஹான்சலும் எட்வர்டு கெஸ்லரும் 1982-இல், கருவியிசை பயின்றோரிடம் சோதனையைத் திருத்தி நடத்தினர். மேஜர் அமைப்பில் சட்ஜத்துக்கு 6.35, பஞ்சமத்துக்கு 5.19, அந்தர காந்தாரத்துக்கு 4.38, சுத்த ரிஷபத்துக்கு 2.23 எனச் சராசரி மதிப்பெண் கிடைத்தது. சட்ஜத்துக்கு அடுத்த இருக்கை பஞ்சமத்துக்கே, அஃதாவது இளிக்கே உரியதாயிற்று.

1984-இல் மேரி காஸ்டெல்லானோ, ஜாம்ஷெட் பாருச்சா, கிரம்ஹான்சல் ஆகியோர் வட இந்திய இராகங்கள் பத்தினை இந்தியர்க்கும், அவ்விசையில் பழக்கமில்லாத மேலைநாட்டவர்க்கும் கேட்பித்தனர். இரு சாராரும் சட்ஜத்தையும் பஞ்சமத்தையும் உயர்த்தியே மதிப்பிட்டனர். கேட்ட இசையில் எச்சுரம் மிகுந்து ஒலித்ததோ அதற்கு மிகுந்த மதிப்பெண் இட்டனர். அறியாத இசையிலும் செவி தன் வழியைக் கண்டுகொண்டது. ஆயினும் இராகத்தின் அடியிலுள்ள தாட் என்னும் மேள அமைப்பை உணர்ந்த விடைகள் இந்தியரிடம் மட்டுமே காணப்பட்டன. சில நிமிடங்களில் செவி கற்பது எது, வாழ்நாளெல்லாம் கேட்டுக் கற்றது எது என்பதை ஒரே சோதனை பிரித்துக் காட்டியது.

இத்தகைய சோதனையை இன்று ஒரு கல்லூரியின் எளிய கணிப்பொறியிலேயே அமைக்கலாம். சைக்கோபை என்னும் நிரல்தொகுப்பு விலையின்றிக் கிடைக்கிறது. எனினும் கருத்தூன்ற வேண்டியவை சில உள. ஒலி திடீரெனத் தொடங்கினும் முடியினும் 'டக்' என்னும் ஓசை எழும். செவி சுரத்தை விட்டு அதனைப் பற்றிக்கொள்ளும். ஆதலின் இரு முனைகளையும் ஒரு நொடியின் நூற்றிலொரு பங்கு அளவேனும் மெல்ல ஏற்றி இறக்கவேண்டும். எல்லாச் சுரங்களும் ஒத்த உரப்பில் ஒலிக்கவேண்டும். ஒரு விடை அடுத்த விடையை இழுக்குமாதலின், சுரங்களின் வரிசையை ஒவ்வொருவர்க்கும் குலுக்கி மாற்றவேண்டும். பன்னிரண்டு சுரங்களை நான்கு முறை கேட்பித்தால் 48 வினாக்கள். ஒன்றுக்குப் பத்து நொடி எனின் எட்டு நிமிடம். அதற்குமுன் சில பயிற்சி வினாக்களும், இடையே ஓய்வும் தேவை. சராசரியை மட்டுமன்றி ஒவ்வொரு விடையையும் அது தோன்றிய வரிசையோடு கோப்பில் பதிதல் வேண்டும். பங்கேற்போர் இசைவு தந்த பின்னரே தொடங்குதலும், விரும்பியபோது எழுந்து செல்ல அவர்களை விடுதலும் அறமாகும்.

இவை யாவும் செவ்வனே அமையினும் திரையில் தோன்றும் வினாவின் சொல் பிழைத்தால் சோதனையும் பிழைக்கும். 'இச்சுரம் எவ்வளவு இனிமையாக உள்ளது?' என்பது ஒரு வினா. 'முன்னதோடு எவ்வளவு பொருந்துகிறது?' என்பது மற்றொன்று. 'எவ்வளவு நிறைவு தருகிறது?' என்பது இன்னுமொன்று. மூன்றையும் ஒன்றெனக் கருதி எழுதுவோர் மூன்று வகை விடைகளை ஒரே பெட்டியில் கொட்டிக் கலக்கிவிடுவர். இவ்விடத்தில் கணிப்பொறி உதவாது. சொல்லின் பொருள்வேறுபாடு அறிந்தவரே உதவவேண்டும். இசையாய்வுக் கூடத்தில் தமிழ் கற்றவர்க்கும் ஓர் இருக்கை உண்டு என்பதற்கு இதுவே சான்று.

கணிப்பொறி ஒலியைத் தூய்மையாக்கித் தரும். வினாவைத் தூய்மையாக்குதல் மனிதர் கடன். விடை பிழைபோல் தோன்றும்போது, விடை சொன்னவரை ஐயுறுமுன் வினாவை ஐயுறுதல் வேண்டும். அவ்வாறு ஐயுற்ற இடத்திலேதான், பெயரறியாச் சுரத்தையும் உறவறிந்து கேட்கும் எளிய செவியின் சான்று அவையேறும்.